துவைத்து வெட்டுவதா, வெட்டித் துவைப்பதா?

ஊசி நூல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒட்டுத்துணிப் போர்வை பற்றி, அதாவது மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கிற க்வில்ட் பற்றி எழுதினேன் அல்லவா? வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பஞ்சாயத்துதான். "அவர் இப்படிச் சொல்கிறார், நான் அப்படிச் செய்கிறேன், யார் சரி?" தீர்ப்புச் சொல்ல எனக்கும் ஆசைதான். திருச்சியில் ரவிக்கைக் கடை நடத்திய காலத்தில் நாள் முழுக்கத் தீர்ப்புச் சொல்லியே பழகிய வாய் இது. ஆனால் க்வில்ட்டில் பல விஷயங்கள் அவரவர் பிடித்தம். சில மட்டும் துணியின் குணம், அங்கே நம் பிடித்தம் செல்லாது. எது எது என்று எனக்குத் தெரிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.

*

நான் போகும் வகுப்பில் புதுத் துணியைத் துவைக்காமல் அப்படியே வெட்டச் சொல்கிறார்கள். என் நாத்தனார் துவைக்காத துணியில் கத்தரிக்கோலே வைக்க மாட்டார். யார் பேச்சைக் கேட்பது?
– ஈரோடு வாசகி

நான் நாத்தனார் கட்சி. பருத்தித் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கும். எல்லாத் துண்டும் ஒரே அளவு சுருங்கினால் கவலை இல்லை. கைத்தறித் துண்டையும் மில் பாப்ளினையும் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால் ஒன்று இழுக்கும், மற்றது புடைக்கும். அதற்குப் பிறகு எந்த இஸ்திரியாலும் அதைச் சமன் செய்ய முடியாது.

வகுப்பில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துவைக்காத துணி விறைப்பாக இருக்கும், கோடு பிசகாமல் வெட்ட வரும், கால் அங்குலத் தையல் ஓரம் நேராக நிற்கும். அப்படியே தைத்து முடித்துத் துவைத்தால் மேல்துணியும் உள்ளே இருக்கும் பருத்தி விரிப்பும் சேர்ந்து சுருங்கி, போர்வை முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். பாட்டி காலத்துப் போர்வை மாதிரி இருக்கிறது என்று அந்தச் சுருக்கத்துக்காகவே அமெரிக்காவில் பலர் துவைக்காமல் தைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, இஸ்திரிப் பெட்டியோடு வாழ்ந்த கை. உங்களுக்குப் பிடித்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஒரே போர்வையில் துவைத்த துணியையும் துவைக்காததையும் கலக்காமல் இருந்தால் போதும். துவைத்த துணி தொய்ந்துபோகிறது என்றால் லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வெட்டுங்கள், புதுத்துணி மாதிரியே நிற்கும்.

சாயம் மட்டும் பிடித்தக் கணக்கில் வராது. சுங்குடி, அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு இவற்றை வெள்ளையோடு சேர்ப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். ஒரு சின்னத் துண்டை வெள்ளைத் துணித் துண்டு ஒன்றோடு சேர்த்து, சோப்புப் போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெள்ளை வெள்ளையாகவே வெளியே வந்தால் சரி. வராவிட்டால் நிறம் இறங்குவது நிற்கும்வரை அலசுங்கள். நிற்கவே இல்லையா, அந்தத் துணி வேறு எதற்காவது ஆகும். உப்புப் போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். சாயப்பட்டறையில் சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு, கடையில் வாங்கிய துணியில் சாயத்தை நிறுத்த அதனால் ஆகாது.

5 அங்குலச் சதுரங்களாகவும் இரண்டரை அங்குலப் பட்டைகளாகவும் வெட்டியே விற்கிறார்களே, அவற்றைத் தைப்பதற்கு முன் துவைக்காதீர்கள் என்று நாத்தனாரிடம் சொல்லுங்கள். ஓரமெல்லாம் பிரிந்து நூல் பந்தாகத்தான் கையில் வரும்.

*

உள்ளே வைக்கப் பருத்தி நல்லதா, பாலியஸ்டரா? வீட்டில் இலவம் பஞ்சு ஒரு மூட்டை இருக்கிறது. அதைப் போடலாமா?
– ஆதம்பாக்கம் வாசகி

இலவம் பஞ்சு வேண்டாம். அதன் இழை குட்டையானது, வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. மெத்தைக்கும் தலையணைக்கும் அது ராஜா. துவைக்கிற போர்வைக்குள் வைத்தால் ஒரு மூலையில் போய்க் குவியும். சாதாரணப் பஞ்சைத் தூவி வைத்தாலும் நெருக்கமாகத் தைக்காவிட்டால் அதே கதிதான். ஜெய்ப்பூர் ரஜாய்க்காரர்கள் பஞ்சை நன்றாகப் பிரித்துப் பரப்பி, பிறகு போர்வை முழுக்கக் கையால் தையல் ஓட்டுகிறார்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் பஞ்சை விரிப்பாகவே ஆக்கி, வாடிங் என்று விற்கிறார்கள். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வரிசை வேண்டும் என்று அந்த உறையிலேயே போட்டிருக்கும். 4 என்றால் 4, 8 என்றால் 8. அதை மீறி இடைவெளி விட்டால் உள்ளே பிய்ந்துவிடும். இது துணியின் குணம், பேரம் கிடையாது.

பருத்தியா பாலியஸ்டரா என்பது ஊரையும் உடம்பையும் பொறுத்தது. கடைக்காரர்கள் ரெக்ரான் என்று சொல்லித் தருகிற பாலியஸ்டர் பஞ்சு எடை குறைவு, உப்பலாக நிற்கும், சீக்கிரம் காயும். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. சென்னையில் மே மாதம் அதைப் போர்த்துவதற்குப் பேசாமல் மொட்டை மாடியில் படுக்கலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் கம்பளி வாடிங்தான் என் தேர்வு. கனமில்லாமல் சூடு தரும், மடித்து வைத்த தடமும் விழாது. விலைதான் அதிகம்.

உங்கள் ஊருக்கு நான் சொல்வது, பஞ்சே வேண்டாம். பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடியுங்கள். ஏறக்குறைய 6 அடி நீளம், 4 அடி அகலம் வரும். அதை நடுவில் வைத்து, மேலே உங்கள் ஒட்டுத்துணி, கீழே ஒரு பழைய பருத்திப் புடவை. பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு வங்காளத்தில் செய்கிற காந்தாவும் இந்த வழிதான். பழைய புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்களாம் அந்தக் காலத்தில். துவைக்கத் துவைக்க மெதுமெதுவென்று ஆகும். என் கட்டிலில் இருப்பது இந்த வகைதான், எனவே இந்தப் பதிலில் நான் நடுநிலை இல்லை.

*

கையால் தைத்தால்தான் க்வில்ட், மெஷினில் தைத்தால் அது வெறும் பெட்ஷீட் என்கிறார் என் மாமியார். எனக்குக் கைத்தையலுக்கு நேரமே இல்லை.
– நாகர்கோவில் வாசகி

மெஷினிலேயே தையுங்கள். அமெரிக்காவில் 1850களில் சிங்கர் மெஷின் வந்த புதிதில் அது பெரிய விலை. தன் வீட்டில் அது இருக்கிறது என்று ஊருக்குத் தெரியட்டும் என்றே போர்வையின் மேல்பக்கம் பளிச்சென்று மெஷின் தையல் போட்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். புது வசதிகள் பலவற்றைத் தவிர்த்து வாழ்கிற அமெரிக்கக் கிறிஸ்தவச் சமூகம் ஆமிஷ். கைத்தையலுக்குப் பேர்போன அந்தப் பெண்களிலேயே பலர் துண்டுகளை இணைப்பதைக் காலால் மிதிக்கிற மெஷினில் முடித்துவிட்டு, மூன்று அடுக்கையும் சேர்க்கிற தையலை மட்டும் கையால் போடுகிறார்கள். உங்களுக்கும் மாமியாருக்கும் நடுவில் அப்படி ஓர் ஒப்பந்தம் சாத்தியம்.

குழந்தை போர்த்துவதா, வாரம் ஒரு முறை வாஷிங் மெஷினில் போடுவதா, அப்படியானால் மெஷின் தையல்தான் தாங்கும். ஒன்றைக் கவனியுங்கள். மெஷினின் பல் அடித்துணியை முன்னால் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். மூன்று அடுக்கு என்றால் இது நன்றாகவே தெரியும், கடைசியில் மேல்பக்கம் மடிப்பு விழுந்து நிற்கும். மேலேயும் பல் வைத்த, வாக்கிங் ஃபுட் என்கிற மெஷின் பாதம் கிடைக்கிறது. உங்கள் மெஷின் மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்காவது இருக்கட்டும்.

எனக்குக் கைத்தையல்தான் பிடிக்கும். மெஷின் போட்ட கோடு விறைப்பாகக் கிடக்கும், கைத்தையல் போட்ட போர்வை உடம்போடு வளையும். பிட்வீன்ஸ் என்கிற குட்டை ஊசியில் 9ஆம் நம்பர், விரலுக்கு ஒரு திம்பிள், ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தால் இரண்டு கட்டம். மாமியாரிடம் இந்தப் பத்தியைக் காட்டாதீர்கள்.

*

துண்டுகளை இணைத்த தையல் ஓரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுவதா, இரு பக்கமும் பிரித்தா?
– சேலம் வாசகி

கைத்தையல் என்றால் ஒரு பக்கம், தையலுக்கு அது பலம். அடர்நிறம் இருக்கும் பக்கமாகச் சாய்த்தால் மேலே நிழல் தெரியாது. மெஷின் என்றால் உங்கள் இஷ்டம்.

*

அம்மாவின் பழைய பட்டுப் புடவைகளைச் சேர்த்து ஒரு க்வில்ட் செய்ய ஆசை. பருத்தித் துணியோடு கலக்கலாமா?
– கும்பகோணம் வாசகி

கலக்கலாம், போர்த்திக்கொள்ள முடியாது. ஜரிகை உடம்பைக் கீறும். பட்டும் பருத்தியும் ஒரே மாதிரி துவைபடாது. முக்கியமாக, பழைய பட்டு மடித்த இடத்தில் விட்டிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மடிப்புக் கோட்டில் கீறல் கீறலாகத் தெரிந்தால் அந்தப் பகுதி ஊசியைத் தாங்காது. நல்ல பகுதியை மட்டும் வெட்டி, பின்னால் இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்கிற மெல்லிய ஃப்யூசிங் துணியை இளஞ்சூட்டில் ஒட்டி, பிறகு தையுங்கள்.

1880களில் அமெரிக்காவில் பட்டும் வெல்வெட்டுமாகக் கோணல்மாணல் துண்டுகளைச் சேர்த்து, மேலே பூத்தையல் போட்டு 'க்ரேஸி க்வில்ட்' செய்வது பெரிய மோகமாக இருந்தது. கூடத்தில் விரித்துக் காட்டுவதற்குத்தான் பெரும்பாலும். அவற்றில் பலவற்றில் பட்டு இன்று தூள்தூளாக உதிர்கிறது. எடை கூட்டுவதற்காக அந்தக் காலத்துப் பட்டில் உலோக உப்பு ஏற்றியதுதான் காரணம். உங்கள் அம்மா புடவைக்கு அந்தக் கதி வர வேண்டியதில்லை. ஆனாலும் சுவரில் மாட்டும் அளவில், வெயில் படாத இடத்துக்காகச் செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஒரு புடவையையாவது வெட்டாமல் வைத்திருங்கள்.

*

என் தங்கை ஸ்கேலும் சக்கரக் கத்தியும் வைத்து மில்லிமீட்டர் சுத்தமாக வெட்டுகிறாள். நான் கைக்கு வந்தபடி வெட்டிச் சேர்க்கிறேன். என்னுடையதை அவள் க்வில்ட் என்றே ஒப்புக்கொள்வதில்லை.
– பெங்களூரு வாசகி

சக்கரக் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது 1979இல். அதற்கு முன்னால் க்வில்ட் தைத்தவர்கள் கையில் கத்தரிக்கோல்தான் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் அலபாமா ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தேய்ந்த ஜீன்ஸ், வேலைச் சட்டை, கிடைத்த துணி என்று வைத்துத் தைத்த போர்வைகள் பலவற்றில் கோடு நேராக இருக்காது. 2002இல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரேறின. 2006இல் அமெரிக்கத் தபால் தலைகளிலும் வந்தன. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். 1970களில் சியர்ஸ் கடைக்குக் கார்டுராய் என்கிற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறை தைத்துக் கொடுத்தார்கள். அங்கே எல்லா உறையும் ஒரே அளவு, ஒரே மாதிரி. மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீட்டுக்குப் போனதும் அவரவர் கைப்படி போர்வையாயின. தங்கை மாதிரி தைக்கவும் தெரியும், உங்களை மாதிரி தைக்கவும் பிடிக்கும் அவர்களுக்கு.

அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் மாநிலத்திலேயே உத்தர கன்னடத்தில், எல்லாபூர், ஹளியாள் பக்கம் ஸித்தி சமூகத்துப் பெண்கள் கவண்டி என்கிற ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். கீழே ஒரு பழைய புடவையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டு துண்டாக மடித்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும் என்று மேலே நாகர்கோவிலுக்குச் சட்டம் சொன்னேன் அல்லவா, அது இவர்களிடம் செல்லாது. நான்கு மூலையிலும் முக்கோணத் துணியை மடித்துப் பூ வைக்காமல் கவண்டியை முடிக்க மாட்டார்கள். அவர்களுக்கும் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம் இருக்கிறது, பாருங்கள்.

உங்களுக்கு ஒன்று மட்டும்: துண்டு எப்படி இருந்தாலும் கால் அங்குலத்துக்குக் குறைவாகத் தையல் ஓரம் விடாதீர்கள். பிரிந்துபோகும்.

*

பனியன் கம்பெனி வெட்டுத் துணி எங்கள் ஊரில் எடைக்கு மலிவாகக் கிடைக்கிறது. க்வில்ட்டுக்கு ஆகுமா? ஆண்கள் கேட்கலாம்தானே?
– திருப்பூர் வாசகர்

தாராளமாகக் கேட்கலாம். என் கடையில் கட்டிங் மாஸ்டர் ஆண்தான்.

பனியன் துணி இழுத்தால் நீளும், அதுதான் சிக்கல். நெய்த துணியால் ஆன மெல்லிய ஃப்யூசிங்கைப் பின்னால் ஒட்டிவிட்டால் நீளாது. ஒட்டிய பிறகு வெட்டுங்கள், வெட்டிய பிறகு ஒட்டாதீர்கள். துண்டுகள் பெரிதாக, ஒவ்வொன்றும் குறைந்தது 8 அங்குலமாவது இருக்கட்டும். மெஷினில் முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி மாட்டுங்கள், சாதாரண ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை போடும், தையலும் விட்டு விட்டு விழும். இவ்வளவு வேலை எதற்கு என்று தோன்றினால் பனியன் துணியை நடு அடுக்காக வைத்து, மேலும் கீழும் நெய்த துணி போடுங்கள். வாடிங் செலவு மிச்சம். முதலில் தலையணை உறை அளவில் ஒன்று தைத்து, இரண்டு முறை துவைத்துப் பார்த்துவிட்டு மூட்டையாக வாங்குங்கள்.