முதல் கோடையில் சிமெண்ட் வேண்டாம்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். வீடு வாங்கி நான்கு மாதம் ஆகிறது, கொல்லைப்புறம் வெறும் புல்தரையாகக் கிடக்கிறது, கோடைக்குள் அங்கே ஒரு தளம் போட்டு, வெளியே நின்று கறி சுட்டுச் சமைக்கும் கிரில் அடுப்பு ஒன்றை வைத்துவிட வேண்டும். கேஸா கரியா, எத்தனை பர்னர், கல் மேடை கட்டி அதில் பதித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், “ஒரே தடவையில் உருப்படியாகச் செய்துவிட நினைக்கிறேன்” என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும்தான் உட்கார்ந்து விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. நானும் அதே நினைப்பில் ஆரம்பித்தவன்.

நாடு மாறி வந்து, வாடகை வீடுகளில் சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டே பல வருடம் ஓட்டினேன். சொந்தமாக ஒரு துண்டு மண் கிடைத்ததும் கை பரபரத்தது. குடிபோன முதல் வசந்தத்திலேயே வேலியோரம் செங்கல் மேடை எழுப்பி, மேலே கல் பலகை போட்டு, நடுவில் நான்கு பர்னர் கேஸ் கிரிலை உட்கார வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கோடை நடுவில் காற்றுத் திசை மாறியது. மூடியைத் திறந்தால் போதும், புகை மொத்தமும் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குள் போகும். நல்ல மனிதர்கள். இரண்டு முறை ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினார்கள். மூன்றாவது முறை சத்தம் கேட்டது. மறுவருடம் அந்த மேடையை நானே சம்மட்டி எடுத்து உடைத்தேன். கட்ட இரண்டு வாரம், உடைக்க ஒரு சனிக்கிழமை.

அதனால் உங்கள் கேள்விகளின் வரிசையைக் கொஞ்சம் மாற்றுகிறேன். முதலில் இடம், அப்புறம் கிரில், அதற்கும் அப்புறம்தான் தளம். முதல் கோடை முழுக்கச் சக்கரம் வைத்த கிரில் ஒன்றை வைத்துக்கொண்டு இடம் மாற்றி மாற்றிச் சமையுங்கள். காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடிக்கிறது, சாயங்கால வெயில் யார் முகத்தில் விழுகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் வராது. சமையலறைக் கதவிலிருந்து கிரிலுக்கு எத்தனை தப்படி என்றும் எண்ணிப் பாருங்கள். என் பழைய மேடைக்கு இருபத்தாறு. உப்பை மறந்தால் இருபத்தாறு, இடுக்கியை மறந்தால் இன்னொரு இருபத்தாறு. மழைத் தூறலில் ஒரு கையில் தட்டும் மறுகையில் குடையுமாக நடந்து பார்த்தால்தான் அந்தத் தூரத்தின் அருமை தெரியும். இப்போது ஒன்பது தப்படி.

அதற்காக வீட்டுச் சுவரோடு ஒட்டியும் வைத்துவிடாதீர்கள். தீ பாதுகாப்புக்காகப் பரவலாகச் சொல்லப்படும் இடைவெளி 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர். சுவரிலிருந்து மட்டும் அளந்தால் போதாது, வேலி, கூரை விளிம்பு, தாழ்ந்த மரக்கிளை எல்லாம் கணக்கில் சேரும். உங்கள் வீட்டின் வெளிச்சுவரில் வினைல் என்ற பிளாஸ்டிக் பலகை பதித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது தீப்பிடிக்கும் வரைக்கும் காத்திருக்காது, கிரிலின் சூட்டிலேயே மெழுகு மாதிரி நெளிந்துவிடும். விதிகள் நகரத்துக்கு நகரம் மாறும். வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அவர்களுக்குத் தனியாக ஒரு சட்டம் இருக்கும். காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

மழை வந்துவிட்டது என்று கிரிலை கராஜுக்குள் தள்ளிக் கதவைத் திறந்து வைத்துச் சமைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். கரியும் சரி கேஸும் சரி, கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை சுற்றும்போது நாம் வெளியே வரும் நிலையில் இருப்போமா என்பதே சந்தேகம்.

சரி, கேஸா கரியா? வேலை முடிந்து வந்து, வார நாளில் அரை மணி நேரத்தில் சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்றால் கேஸ்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடேறிவிடும். சனி ஞாயிறு மட்டும், அதுவும் நெருப்போடு உட்கார்ந்திருப்பதே ஒரு சுகம் என்றால் கரி. இரண்டும் வேண்டும் என்று ஒரே பெட்டியில் இரண்டையும் அடைத்து விற்கும் கலப்பு ரகத்தை நான் வாங்க மாட்டேன். அந்த இடத்துக்கு ஒரு மூன்று பர்னர் கேஸும், பக்கத்தில் ஒரு சின்ன உருண்டைக் கரி அடுப்பும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த உருண்டை அடுப்புக்கு ஒரு கதை உண்டு. 1952-ல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே நீரில் மிதக்க விடும் இரும்பு மிதவைகள் செய்வார்கள். காற்றும் மழையும் தன் திறந்த அடுப்பைப் பாடாய்ப்படுத்துகிறதே என்று சலித்துப்போனவர், மிதவைக்குச் செய்த அரைக்கோளத்துக்குக் கால் வைத்து, இன்னொரு பாதியை மூடியாக்கினார். கெட்டில் கிரில் பிறந்தது அப்படித்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதிதாக வருபவர்கள் பலரும் மூடியை மழைக்கவசம் என்றே நினைக்கிறார்கள். மூடினால் அது வெறும் அடுப்பாக இல்லாமல் ஓவனாக மாறிவிடுகிறது. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் கறியை வைத்து மூடுங்கள். தடிமனான கோழித் தொடைகூட மேலே கருகாமல் உள்ளே வேகும். கேஸிலும் அதே கதைதான். ஒரு பக்கப் பர்னரை எரியவிட்டு மறுபக்கத்தை அணைத்துவிட வேண்டும். இந்த இரண்டு பக்க வித்தைக்காகத்தான் குறைந்தது மூன்று பர்னர் என்கிறேன். இரண்டில் செய்யலாம், இடம் நெருக்கும். நான்கு, ஐந்து என்று போனால் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அடிக்கடி சமைக்கிறவராக இருக்க வேண்டும்.

கடையில் முதலில் கண்ணில் படுவது பி.டி.யூ. என்ற வெப்ப அலகில் போட்ட எண்தான். 40,000, 60,000 என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் அந்தக் கிரில் எவ்வளவு வாயுவை எரிக்கிறது என்பதன் கணக்கு அது. கறி வைக்கும் கம்பித் தட்டின் மேல் எவ்வளவு சூடு நிற்கிறது என்று அது சொல்லாது. எண்ணைச் சமைக்கும் பரப்பால் வகுத்துப் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 வரை வந்தால் சரியான அளவு. 400 சதுர அங்குலக் கிரிலுக்கு 36,000 இருந்தால் 90 வருகிறது, போதும். அதற்கு மேல் சூட்டைப் பிடித்து வைப்பது மூடியின் கனமும் அது பொருந்தி உட்காரும் விதமும்தான். மெல்லிய தகர மூடியும் பெரிய எண்ணும் சேர்ந்திருந்தால், நீங்கள் வானத்துக்குத்தான் சூடு போடுகிறீர்கள்.

கடைக்குப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே ரகம் இல்லை. 430 ரகத்தில் காந்தம் நன்றாக ஒட்டும், சில வருடத்தில் துருவும் எட்டிப் பார்க்கும். 304-ல் அநேகமாக ஒட்டாது, வெளியே கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து 304 என்று முடிவு கட்டவும் முடியாது, விவரச் சீட்டையும் பாருங்கள். அப்புறம் இரண்டு கையாலும் கிரிலைப் பிடித்து ஆட்டுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கடையிலேயே ஆடுகிற வண்டி, உங்கள் கல் தளத்தில் ஒரு குளிர்காலம் கழித்து என்ன ஆகும்? பர்னரும் கம்பித் தட்டும் தனித்தனியாக வாங்கக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். முதலில் போகிறது அவைதான்.

சிலிண்டர் விஷயத்தில் குளிர் தேசத்துக்குப் புதிதாக வந்தவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிலிண்டரில் வரும் வாயு இரண்டு வகை. பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுத்து உள்ளேயே திரவமாக உட்கார்ந்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். குளிரிலும் சமைக்கிற எண்ணம் இருந்தால் புரொப்பேன்தான் வேண்டும். அது காற்றைவிட சுமார் ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டரை வெளியே நிமிர்த்தி வையுங்கள். நிலவறை, கராஜ் இரண்டும் வேண்டாம். குழாயை மாட்டியதும் பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்து இணைப்பில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு.

திடீரென்று ஒருநாள் எல்லாப் பர்னரும் மங்கலாக எரியும். சிலிண்டர் தீர்ந்தது என்று நானும் ஒருமுறை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், பாதிக்கு மேல் இருந்தது. சில ரெகுலேட்டர்களில், வால்வைச் சட்டென்று திறந்தால் கசிவு என்று நினைத்து அதுவே வாயுவைக் கட்டுப்படுத்திவிடும். எல்லாப் பர்னரையும் அணைத்து, சிலிண்டரை மூடி, குழாயைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். நான் முதலில் கேட்டபோது சிரித்தேன். கழற்றிப் பார்த்தபோது பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு உருண்டை வந்தது. குளிர்காலம் முடிந்து முதல்முறை பற்றவைக்கும் முன் ஒரு மெல்லிய தூரிகையை உள்ளே விட்டு எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

கரி என்றால், பற்றவைக்கும் எண்ணெயைத் தொடாதீர்கள், அந்த வாடை சாப்பாட்டில் ஏறும். புகைபோக்கி மாதிரி ஒரு தகரக் குழல் கிடைக்கும். அடியில் காகிதம், மேலே கரி, கால் மணி நேரத்தில் மேல்கரி சாம்பல் பூத்துவிடும். சாம்பலை மறுநாள் குப்பையில் கொட்டுகிறவர்கள் உண்டு, உள்ளே கங்கு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் இரண்டு நாள் கிடக்கட்டும்.

இப்போது தளம். பேட்டியோ என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதற்கு நான் தரையில் தனித்தனியாகப் பதிக்கும் பேவர் கல்லையே சொல்வேன். தரை உறைந்து இளகும் ஊரில் மண் குளிரில் உப்பும், வெயிலில் இறங்கும். ஒரே பலகையாக ஊற்றிய கான்கிரீட் விரிசல் விட்டால் ஒட்டுப்போட்டது காலத்துக்கும் தெரியும். பேவர் இறங்கினால் நான்கு கல்லைப் பெயர்த்து, மணல் நிரப்பி, மறுபடி வைக்கலாம். தோண்டும் முன் நிலத்தடி மின்கம்பி, கேஸ் குழாய் எங்கே ஓடுகிறது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். அதற்கென்று ஒரு தொலைபேசி எண் வைத்திருக்கும் நாடுகள் நிறைய. அப்புறம் சுமார் 20 சென்டிமீட்டர் ஆழம் எடுத்து, 10 முதல் 15 வரை உடைகல் ஜல்லி, அதன் மேல் இரண்டரை சென்டிமீட்டர் மணல், அதற்கு மேல் கல். ஜல்லியை ஒரே மூச்சில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் வாடகைக்குக் கிடைக்கும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்குங்கள். இதில் சோம்பல்பட்டால் அடுத்த வருடம் மேசை ஆடும். வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் அஸ்திவாரத்தைத் தேடி வரும். கிரிலைச் சுற்றி ஒரு மீட்டராவது காலியாக விடுங்கள். குழந்தைகள் ஓடும் வழி அதற்குள் வரக்கூடாது.

கல் மேடை கட்டியே தீருவேன் என்றால் இரண்டாம் வருடம் கட்டுங்கள். மேடைக்குள் சிலிண்டர் வைக்கப்போகிறீர்கள் என்றால் அடிமட்டத்தில் காற்றுத் துளைகள் எதிரெதிராக இருக்கட்டும். கசிவு கீழேதானே தேங்கும். இயற்கை வாயுக் குழாய் இழுப்பதானால் உரிமம் உள்ளவரை அழையுங்கள். புரொப்பேனுக்கு வாங்கிய கிரிலை அப்படியே அதில் மாட்ட முடியாது, பர்னரின் துளை அளவே வேறு.

சில்லறை விஷயங்கள் இரண்டு. மூடியில் இருக்கும் வெப்பமானி மூடிக்குக் கீழே உள்ள காற்றைத்தான் சொல்லும். கறிக்குள் குத்திப் பார்க்கும் ஒன்றை வாங்குங்கள். கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ், கொத்துக்கறிக்கு 71. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கோழியைக் கீறிக் கீறிப் பார்த்த என் முதல் இரவுகளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது, கம்பித் தூரிகை. அதிலிருந்து உதிரும் ஒரு மயிரிழை கம்பி சாப்பாட்டோடு தொண்டைக்குள் போய் மருத்துவமனை வரை கொண்டுபோகும். கிரிலின் கம்பித் தட்டு சூடாக இருக்கும்போது மரச் சட்டுவத்தால் சுரண்டினாலே போதும்.

முதல் வேலையாகக் கொல்லைப்புறத்தைப் படம் பிடித்து, வடக்கு எந்தப் பக்கம் என்று குறித்து அனுப்புங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜன்னல்களும் படத்தில் தெரிய வேண்டும்.