முன்வாசலுக்குப் புல்லா, ஈழத்தலரியா?

கேள்வி: தாம்பரம் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். மேற்குப் பார்த்த வாசல். காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே 20 அடி நீளம், 6 அடி அகலத்தில் வெறும் மண் கிடக்கிறது. தோட்டம் போட்டுத் தருபவர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, ஊதா நிற ஃபவுண்டன் கிராஸ்: 120 செடி, ஒன்று 70 ரூபாய், மொத்தம் 8,400. இன்னொன்று, எட்டடி உயரம் வளர்ந்த ஈழத்தலரி (புளுமேரியா) மரம் ஒன்றே ஒன்று, 6,500 ரூபாய். எதற்குப் பணம் போடலாம்? 'அது சுடுகாட்டு மரம், வாசலில் வேண்டாம்' என்று மாமியார் வேறு சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த 120 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் இடம் 120 சதுர அடி. அடிக்கு ஒரு செடி என்று போட்டிருக்கிறார். ஆனால் இந்தப் புல்லின் ஒரு தூர் நன்றாகப் பிடித்தால் இரண்டு, மூன்று அடிக்கு விரியும். இரண்டடிக்கு ஒன்று வீதம் நட்டால் 30 செடி, 2,100 ரூபாயோடு வேலை முடிந்தது. அடிக்கு ஒன்று நட்டால் முதல் மாதம் வாட்ஸ்அப்பில் படம் போட நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் நெருக்கத்தில் காற்றுப் போகாமல் அடித்தாள் எல்லாம் காய்ந்து நிற்கும். அவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார், காய்ந்ததை வெட்டுவது நீங்கள்.

வாங்கிய விலையோடு புல்லின் செலவு நிற்பதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். வெயில் காலத்தில் விடாமல் தண்ணீர் வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது தரையிலிருந்து அரையடி விட்டு மொத்தமாக வெட்ட வேண்டும். இரண்டு மூன்று வருஷத்தில் தூரின் நடு செத்து, சுற்றிலும் வளையமாக மட்டும் பச்சை இருக்கும். தோண்டி எடுத்து, பிரித்து, திரும்ப நட வேண்டும். நீங்களே மண்வெட்டி பிடிப்பவர் என்றால் இது நல்ல செய்தி, ஒரு தூரிலிருந்து நான்கைந்து செடி இலவசம். ஆள் வைத்துச் செய்வதானால் ஒவ்வொரு தடவையும் கூலி.

வெயில் விஷயத்தில் மேற்கு வாசல் இந்தப் புல்லுக்குத் தோது. நிழலில் வைத்தால் ஊதா மங்கிப் பச்சையடித்துவிடும். கேட்டு வாங்கும்போது முழுக்க ஊதா இலை உள்ள ரகமாகவே கேளுங்கள். அது பெரும்பாலும் முளைக்கிற விதை போடாது. பச்சை இலை ரகத்தை 'அதே செடிதான்' என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அதன் விதை காற்றில் பறந்து கண்ட இடத்தில் முளைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதை ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

இனி மரம். உங்கள் வாசலுக்கு என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் எட்டடி மரத்துக்கு இல்லை. ஈழத்தலரியில் சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு பூக்கிற வகை மார்கழி, தை வாக்கில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டைக் கிளையாக நிற்கும். வெயில் ஏறும்போது துளிர்த்துப் பூக்கும். மேற்குச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது? குளிர்நாளில் வெயில் உள்ளே வரும், சித்திரையில் சாயங்கால வெயிலைச் சுவரில் படாமல் மரம் வாங்கிக்கொள்ளும். முனை மழுங்கிய இலையோடு வெள்ளையாகப் பூக்கிற வகை அநேகமாக வருஷம் பூராவும் பச்சையாக இருக்கும். நிழல் எப்போதும் வேண்டும் என்றால் அதை வாங்குங்கள். எதுவானாலும் முதல் வருஷம் தாண்டிவிட்டால் தண்ணீருக்கு ஏங்காது, சதைப்பிடிப்பான தண்டிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும்.

எட்டடி மரம் ஏன் வேண்டாம்? பல நர்சரிகளில் 'வளர்ந்த மரம்' என்று நிற்பது, எங்கோ வெட்டிய பெரிய கிளையைப் பையில் ஊன்றி நாலு இலை துளிர்க்க வைத்ததுதான். தண்டில் சேர்ந்திருக்கும் சத்திலேயே இலை வந்துவிடும், கீழே வேர் இருக்காது. பார்க்க ஒரு வழி இருக்கிறது. தண்டின் அடியைப் பிடித்து மெல்ல அசையுங்கள். பை மண்ணும் சேர்ந்து ஆடினால் வேர் பிடித்திருக்கிறது. தண்டு மட்டும் தனியாக ஆடினால் நேற்று ஊன்றியது. பையின் அடித் துளையில் வேர் நுனி எட்டிப் பார்க்கிறதா என்று குனிந்து பாருங்கள். தண்டை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுகல். கடைசியாக இலையைத் திருப்புங்கள். அடியில் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டியிருந்தால் அது துரு நோய், அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். இத்தனைக்கும் முகம் சுளிக்கிற கடைக்காரரிடம் வாங்க வேண்டியதில்லை.

இரண்டு மூன்றடிச் செடி போதும், விலை பல மடங்கு குறையும். இன்னும் சொல்லப்போனால் காசே வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் பூப்பதைப் பார்த்து, பிடித்த நிறத்தில் கேட்டு, ஒரு முழ நீளத்துக்கு மேல் ஒரு போத்து (வெட்டிய கிளைத் துண்டு) வாங்கி வாருங்கள். இலை கொட்டியிருக்கும் மாசி மாதம் நல்ல சமயம். பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம், பத்து நாள் நிழலில் கிடத்திவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். பச்சையாகவே ஊன்றி தினம் தண்ணீர் ஊற்றினால் அழுகும். அந்தப் பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் படக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் சொல்லி வையுங்கள்.

உங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தண்ணீர் நிற்குமா? நின்றால் ஒன்றரை அடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். ஈழத்தலரியைக் கொல்வது வெயில் இல்லை, தேங்கிய தண்ணீர்தான். நாள்கணக்கில் நிற்கும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு வெட்டிவேர் நடுங்கள். நாலடி, ஐந்தடிக்குத் தூர் கட்டும், வெள்ளத்துக்கும் அசராது. அழகுப் புல் என்று யாரும் விற்பதில்லை, அதனால் மலிவு.

ஆறடி அகலத்தில் ஈழத்தலரியை நடுவாக வைத்தால் இரு பக்கமும் மூன்றடி கிடைக்கும். இந்த மரத்துக்கு அது போதும், சுவரைப் பிளக்கிற வேர் இல்லை. சம்ப்பையும் கழிவுநீர்க் குழாயையும் விட்டு மட்டும் தள்ளி நடுங்கள். புங்கை, வேம்பு, பாதாம் எதையும் இந்தத் துண்டில் நினைக்கவே வேண்டாம். கிளை சுலபமாக ஒடியும் மரம் என்பதால் கார் நிறுத்துமிடத்துக்கு மேல் நீளும் கிளையைப் புயல் காலத்துக்கு முன்பே கவாத்து செய்துவிடுங்கள்.

மாமியார் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த இந்த மரம் மலேசியா, இந்தோனேசியாவில் கல்லறைத் தோட்டங்களில் நிறைய நிற்கும். அதே மரம்தான் இலங்கையில் பௌத்த விகாரைகளிலும் நம் ஊர்க் கோயில் பிரகாரங்களிலும் நிற்கிறது. அவருக்குப் படம் காட்டிப் பாருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் பவழமல்லி வையுங்கள். விடிகாலையில் உதிர்ந்த பூவைப் பூஜைக்குப் பொறுக்க அவரே முதல் ஆளாக வருவார். தினம் பார்க்கப்போகிற மரத்தை வீட்டில் ஒருவருக்குப் பிடிக்காமல் நடுவது வீண் வம்பு.

சரி, கடையில் என்ன சொல்வது? சாயங்கால வெயில் விழும் ஜன்னலுக்கு நேராக ஒரு மரக்கன்று. மற்ற இடத்துக்கு ஊதாப் புல் 10 செடி, 700 ரூபாய். பிரித்துப் பிரித்து நட்டே இரண்டு வருஷத்தில் மிச்சத்தை நிரப்பலாம். மரம் நிழல் கட்டும்போது அதன் அடியில் உள்ள புல் நிறம் மங்கும். அதைப் பிடுங்கி வெயில் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீல நிற பாம்பாஸ் புல் விதை என்று இணையத்தில் 199 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்றும் முளைக்கவில்லை. எங்கே தவறு?

பதில்: முளைத்திருந்தாலும் நீலமாகப் பூத்திருக்காது. பாம்பாஸ் புல்லின் கதிர் வெள்ளை, சந்தன நிறம், சில ரகங்களில் லேசான இளஞ்சிவப்பு. கடைகளில் ஜாடியில் நிற்கும் நீலம், பச்சை எல்லாம் காய்ந்த கதிருக்கு ஏற்றிய சாயம். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, விற்பனைத் தளத்தில் 'விளம்பரத்தில் சொன்னபடி இல்லை' என்று பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். கட்டணம் கிடையாது.

கேள்வி: நர்சரி பில்லில் செடிக்கும் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். 'விற்ற செடி திரும்பப் பெறப்படாது' என்றும் அச்சடித்திருக்கிறார்கள். இரண்டும் சரியா?

பதில்: உயிருள்ள செடிக்கு ஜிஎஸ்டி இல்லை. பிளாஸ்டிக் தொட்டிக்கும் தோட்டம் போட்டுத் தரும் வேலைக்கும் உண்டு. அதனால் செடி விலை தனி, வேலைக் கூலி தனி என்று பிரித்து பில் கேளுங்கள். மொத்தமாக 'கான்ட்ராக்ட்' என்று எழுதினால் செடி விலையும் வரிக்குள் போய்விடும். வரி வாங்குகிறவர் பில்லில் அவருடைய ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அச்சடித்த வாசகம் உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படியே. ஆனால் நீங்கள் தண்ணீர் விடாமல் காய்ந்த செடி 'குறையுள்ள பொருள்' ஆகாது. எனவே செடி வந்து இறங்கிய அன்றே இலை, தண்டு, பையின் அடி மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். பட்டுப்போனால் குப்பையில் போடுமுன் பிடுங்கி, வேரே இல்லாத அடித்தண்டையும் ஒரு படம் எடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷ அவகாசம் உண்டு, வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இந்தப் படங்களைக் காட்டினால் பெரும்பாலான கடைகளில் அதுவரை போகாமலே மாற்றுச் செடி தந்துவிடுவார்கள்.