எல்லைக் கரிம வரியும் எஃகுக் கொள்முதலும்: கேள்வி பதில்

கேள்வி: எஃகு போன்ற இறக்குமதிப் பொருள்களைத் தயாரிக்கையில் வெளியேறிய கரியமில வாயுவுக்காக ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கரிம வரி (CBAM) 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வந்துள்ளது. அதைச் செலுத்த வேண்டியவர் விற்பவரா, வாங்குபவரா?

பதில்: சட்டப்படி இறக்குமதியாளரே. இவ்வரிக்கு உட்பட்ட பொருள்களை ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேல் இறக்குமதி செய்பவர் முன் அனுமதி பெற்று, 2026இல் வந்த சரக்கின் உமிழ்வுக்குரிய கரிமச் சான்றிதழ்களை 2027இல் வாங்கி ஒப்படைக்க வேண்டும். ஆயினும் விலை பேசும்போதே அச்செலவை விற்பவர் தலையில் கட்டப் பார்ப்பது வணிக இயல்பு.

கேள்வி: முதல் ஆண்டில் 2.5 சதவீதம் மட்டும் கட்டினால் போதும் என்கிறார்களே?

பதில்: கொள்முதல் கணக்கையே கவிழ்த்துவிடக்கூடிய தவறான புரிதல் இது. ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த உமிழ்வு உரிமையில் (கரியமில வாயுவை வெளியிடுவதற்கான அனுமதியில்) 2026இல் குறைக்கப்படும் பங்குதான் அந்த 2.5 சதவீதம்; இறக்குமதியாளருக்கும் அதற்கு ஈடான கழிவு உண்டு, ஆனால் அது அந்தப் பொருளுக்கு நிர்ணயிக்கப்பட்ட உமிழ்வு அளவுகோல் வரைக்குமே கிடைக்கும். ஒரு டன் எஃகுக்கு உமிழ்வு 2 டன், அளவுகோல் 1.4 டன், ஒரு டன் உமிழ்வுக்குக் கரிம விலை 75 யூரோ என்று வைத்துக்கொண்டால், அளவுகோலின் 97.5 சதவீதமான 1.365 டன் கழிய, மீதி 0.635 டன்னுக்குச் சுமார் 48 யூரோ செலுத்த நேரும். இலவசப் பங்கு 51.5 சதவீதமாகச் சுருங்கும் 2030இல், அதே சரக்குக்கு அது ஏறத்தாழ 96 யூரோவாகும்.

கேள்வி: அப்படியானால் எந்த நாட்டு எஃகை வாங்குவது நல்லது?

பதில்: நாட்டைக் கேட்பதைவிட உலையைக் கேளுங்கள். நிலக்கரிக் கோக்கில் இயங்கும் ஊதுலை வழியில் டன்னுக்கு 2 டன் அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையில் நேரடி உமிழ்வு அதில் சிறு பகுதியே. எஃகுக்கு இப்போதைக்கு நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கில் வருவதால், அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தாலும் வரி கூடுவதில்லை. இரு வகை உலைகளும் உள்ள நிறுவனம் தூய சரக்கை ஐரோப்பாவுக்கும் மற்றதைப் பிற சந்தைகளுக்கும் அனுப்பலாம். வரி குறையும், புகை குறையாது. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுவே என்பது என் கருத்து.

கேள்வி: கம்பியை வெளியில் வாங்கி போல்ட் செய்து ஏற்றுமதி செய்கிறோம். எங்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தும். எஃகு போல்ட்டும் திருகாணியும் பட்டியலில் உள்ளன. நீங்கள் வாங்கிய கம்பியின் உமிழ்வும் உங்கள் பொருளின் கணக்கில் ஏறும். சரிபார்க்கப்பட்ட தரவு இல்லையெனில், கூடுதல் விகிதம் சேர்த்த இயல்புநிலை மதிப்பே (ஒன்றியம் முன்கூட்டி நிர்ணயித்த உமிழ்வு அளவே) எடுக்கப்படும் என்பதால், கம்பி ஆலையோடு ஒப்பந்தம் போடும்போதே உமிழ்வுத் தரவைத் தரும் கடமையையும் அதில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: உமிழ்வுக்காக உள்நாட்டிலேயே கட்டிய கரிம விலை இந்த வரியிலிருந்து கழியுமா?

பதில்: உண்மையாகச் செலுத்தியதற்கு ஆதாரம் இருந்தால் கழியும், திரும்பப் பெற்ற தொகைக்குக் கழிவு கிடையாது.