இன்கமர் பிரேக்கரை (பேனலுக்கு சப்ளை வரும் மெயின் பிரேக்கர்) மாற்ற எச்.டி. (உயர் அழுத்த சப்ளை) பக்கம் ஆஃப் செய்தால் போதாதா?

போதாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடித்து திங்கள் காலை ஷிப்டுக்கு சப்ளை கொடுக்கச் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தேன். பழைய பேனல், இன்கமர் 1600 ஆம்பியர் ஏ.சி.பி. (ஏர் சர்க்யூட் பிரேக்கர்), வெளியே இழுக்கிற வகை இல்லை, பஸ்பாரோடு (சப்ளையைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டை) நேராக போல்ட் போட்டது. இன்கமரை ஆஃப் செய்து பஸ்பாரில் டெஸ்ட் செய்தேன், சப்ளை இல்லை. அப்புறம் எச்.டி. ரூமுக்குப் போன் போட்டு வி.சி.பி.யை (எச்.டி. பக்கத்து பிரேக்கர்) ஆஃப் செய்யச் சொன்னேன். "ஆஃப் பண்ணிட்டேன்" என்றதும் ஸ்பேனரோடு பஸ்பார் பக்கத்து போல்ட்டுக்குக் குனிந்தேன். பின்னால் நின்ற ஹெல்பர் பையன் "அண்ணே, ஜெனரேட்டர் ஓடுது, கையை எடுங்க!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான், இரண்டு பேரும் விழுந்தோம். டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்) பிரேக்கர் தானாக ஏறிய சத்தத்தைத் தரையில் கிடந்தபடிதான் கேட்டேன்.

டி.ஜி. ஆட்டோவில் இருந்திருக்கிறது. வி.சி.பி.யை ஆஃப் செய்ததும் ஈ.பி. போய்விட்டதாக எடுத்துக்கொண்டு கரண்ட் போனால் தானாக வேலை செய்யும் ஏ.எம்.எஃப். பேனல் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டது. இன்கமரும் ஆஃப், அதனால் இரண்டு சப்ளையும் ஒன்றாக ஏறவிடாத இன்டர்லாக் தடுக்கவில்லை. நான் தொட இருந்த பஸ்பாரில் 415 வோல்ட். டெஸ்ட் செய்தேன்தான், அதற்கப்புறம் சப்ளை வரக்கூடிய வழியை அடைக்கவில்லை.

டி.ஜி. செலக்டரை ஆஃபில் வைத்து, ஸ்டார்ட்டிங் பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள். வி.சி.பி., டி.ஜி. பிரேக்கர், பஸ் கப்ளர் (இரண்டு பஸ்பாரை இணைக்கும் பிரேக்கர்) மூன்றையும் ஆஃப் செய்து பூட்டுங்கள், சாவி வேலை செய்பவர் பாக்கெட்டில் இருக்கட்டும். கெப்பாசிட்டர் பேனலை ஆஃப் செய்து தேங்கிய சார்ஜ் இறங்க 5 நிமிடமாவது விடுங்கள். டெஸ்டரை முதலில் சப்ளை உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு பஸ்பாரில், மறுபடியும் சப்ளை உள்ள இடத்தில் பாருங்கள், ஏனென்றால் நடுவில் டெஸ்டரே போயிருக்கலாம். பிரேக்கருக்கு இரண்டு பக்கமும் மூன்று பேஸையும் ஷார்ட் செய்து எர்த் போட்ட பிறகுதான் ஸ்பேனர்.

எல்லா ஏ.எம்.எஃப். ஒயரிங்கும் இப்படி இருக்காது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். இருக்கட்டும், உங்கள் பேனலின் சிங்கிள் லைன் படத்தை எடுத்து சப்ளை வரும் வழிகளை எண்ணுங்கள், மாடியில் சோலார் இருந்தால் அதையும் சேர்த்து.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று விடுப்பு தருவதாகச் சொன்னார்கள், கடைசிவரை தரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. பையன் கான்ட்ராக்ட் ஆள், ரெஜிஸ்டரில் சாயங்காலக் கையெழுத்து இல்லை என்று அவன் கூலியில் அரை நாளைப் பிடித்துவிட்டார்கள். என்னைக் காப்பாற்றிய நாளின் கூலி அது. நடையாக நடந்து அதை வாங்கிக் கொடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.