எக்ஸ்ரே அறைக்கு மகளை அனுப்பத் தயங்கும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் நீங்கள் பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு வந்து மகளின் மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னைச் சந்தித்தபோது, வெளியே பலர் காத்திருந்ததால், உங்கள் கேள்விகளுக்கு அவசர அவசரமாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் தேறிய உங்கள் மகள், நீட் மதிப்பெண் கைகொடுக்காத நிலையில், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எடுக்கும் தொழிலைக் கற்பிக்கும் ரேடியோகிராபி பட்டப்படிப்பில் சேர விரும்புகிறார். நீங்கள் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள். "பட்டனை அமுக்குற வேலைக்கு நாலு வருசப் படிப்பாங்க?" என்று சத்தமாகவே கேட்டது ஒன்று. நாள்தோறும் கதிர் பாயும் இடத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு நாளை திருமணம், குழந்தை என்று வரும்போது ஏதும் ஆகிவிடுமோ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டது மற்றொன்று.

பட்டனைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். தொப்பூர் கணவாயில் விபத்தில் சிக்கிய ஒருவரை நள்ளிரவில் 108 வாகனம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது. கழுத்தில் பட்டை கட்டியிருக்கிறார்கள்; தொடை எலும்பு முறிந்திருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிக்கிறார். முறிந்த எலும்பை ஒரே கோணத்தில் படம் எடுத்தால் விரிசல் மறைந்துபோகக்கூடும் என்பதால், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணங்களில் எடுக்க வேண்டும். மேல்மூட்டும் கீழ்மூட்டும் படத்துக்குள் வந்தாக வேண்டும். பக்கவாட்டுப் படத்துக்காக அந்தக் காலைத் திருப்பினால் வலியில் துடித்துவிடுவார் என்பது மட்டுமல்ல, உடைந்த முனை உள்ளே இரத்தக்குழாயைக் கிழித்துவிடவும் கூடும். ஆகவே நோயாளியை அசைக்காமல், கதிர் வரும் குழாயையும் படம் பதியும் தகட்டையும் சுற்றிக் கொண்டுவந்து, கதிர் ஊடுருவ எத்தனை கிலோவோல்ட் மின்னழுத்தம், எவ்வளவு நேரம் என்று அவருடைய உடல்வாகைப் பார்த்து முடிவு செய்து, வலதா இடதா என்பதைக் காட்டும் ஈய எழுத்தை மறக்காமல் வைத்து, அதன் பிறகுதான் பட்டனுக்கு வருகிறார் ரேடியோகிராபர். பட்டனை அழுத்த ஆகும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. நான்கு ஆண்டுப் படிப்பு அதற்கு முந்தைய பத்து நிமிடங்களுக்காக.

எளிமையாகத் தோன்றும் நெஞ்சுப் படமும் அப்படித்தான். நோயாளியின் மார்பைத் தகட்டில் ஒட்ட நிறுத்தி, தாடையை மேலே தூக்கி, கைகளை இடுப்பில் வைத்துத் தோள்களை முன்னால் தள்ளச் சொல்வார்கள். அப்படிச் செய்தால்தான் தோள்பட்டை எலும்பின் நிழல் நுரையீரல்மேல் விழாது. கதிர்க்குழாயை 180 சென்டிமீட்டர் தள்ளி வைப்பதற்கும் காரணம் உண்டு: குழாய் கிட்டே இருந்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். படுத்த நிலையில், கருவியை வார்டுக்கே கொண்டுபோய், முன்பக்கமிருந்து எடுக்கும் படத்தில் இந்தத் தவறான பெருக்கம் இயல்பாகவே வரும் என்பதால், எந்த நிலையில் எடுத்தது என்று படத்தில் குறித்துவைப்பதும் ரேடியோகிராபரின் கடமை.

கடைசியாக "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே புடிங்க" என்று சொல்ல வேண்டும். நோயாளிக்கு அது புரியாவிட்டால் நுரையீரல் முழுதாக விரியாது, படம் கலங்கிப்போகும், மறுபடி எடுக்க நேரும், மறுபடி எடுப்பது என்றால் அவர் உடம்புக்கு இரண்டாம் முறை கதிர். கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை செய்பவர்கள் இதை "ஊபிரி பீல்ச்சண்டி" என்று தெலுங்கிலும், "உசிரு எள்கொள்ளி" என்று கன்னடத்திலும் சொல்லப் பழகிக்கொள்வது அதனால்தான். உங்கள் வீட்டில் கன்னடம் பேசுவீர்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அது உங்கள் மகளுக்கு எந்தச் சான்றிதழிலும் வராத ஒரு கூடுதல் தகுதி.

நம் மாவட்டத்து எக்ஸ்ரே அறைக்கென்று சில முகங்கள் உண்டு. புளி உலுக்கும் மாதங்களில் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நசுங்கி வருபவர்கள், காசநோய்ச் சந்தேகத்துடன் நெஞ்சுப் படத்துக்கு வருபவர்கள், இவர்களோடு, குடிநீரில் புளோரைடு கூடிய கிராமங்களிலிருந்து வரும் முதியவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்த சிலருடைய எலும்புகளில் புளோரைடு படிந்திருக்கும். அவர்களுடைய முன்கைப் படத்தில் இரண்டு எலும்புகளுக்கும் இடைப்பட்ட சவ்வு சுண்ணம் ஏறி முள்முள்ளாகத் தெரியும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் வழக்கத்துக்கு மாறாக வெளுத்து அடர்ந்திருக்கும். குனியவும் நிமிரவும் முடியாத அந்தப் பெரியவரை மேசையில் ஏற்றிப் படுக்கவைப்பதே பெரும் பாடு. பிழைப்பு முழுவதும் கதிருக்குப் பயப்படுகிறோமே, இத்துறையில் பலரை உண்மையில் வாட்டுவது நோயாளிகளைத் தூக்கித் திருப்பி வரும் முதுகுவலிதான்.

சி.டி., எம்.ஆர்.ஐ. அறைகளில் பொறுப்பு இன்னும் கூடுகிறது. சி.டி. எடுக்குமுன் நரம்பில் அயோடின் கலந்த மருந்து செலுத்த வேண்டியிருந்தால், முன்பு ஒவ்வாமை வந்ததா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா, இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு என்ன, சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கேட்டறிந்து, ஐயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவைக்க வேண்டும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் கழித்துவிட்டது போலக்கூடத் தோன்றும். "இப்படித்தாம்மா இருக்கும், ஒரு நிமிசத்துல போயிரும்" என்று முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் நோயாளி பயந்து அசைந்துவிடுவார். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிரே கிடையாது; ஆனால் அதன் காந்தம் இரவும் பகலும் உயிரோடு இருக்கிறது. 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய், காந்தம் இழுத்ததில் உயிரிழந்தார். கதவருகில் நின்று இரும்புப் பொருள், இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்புக்குள் உலோகத் துண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வடிகட்டுவது சலிப்பான வேலைதான். ஆயிரமாவது ஆளிடமும் முதல் ஆளிடம் கேட்டது போலவே கேட்க வேண்டும்.

வரம்பு எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்து நோய் இன்னதென்று எழுதித் தருவது ரேடியாலஜிஸ்ட் என்னும் மருத்துவரின் வேலை. "என்னங்க தெரியுது, ஒடஞ்சிருக்கா?" என்று உறவினர்கள் சூழ்ந்துகொண்டாலும் ரேடியோகிராபர் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஆனால் நுரையீரல் சுருங்கி அதைச் சுற்றிக் காற்று நிரம்பியிருப்பது போன்ற ஆபத்து கண்ணில் பட்டால், அறிக்கை வரட்டும் என்று காத்திராமல், உடனே பணி மருத்துவரை அழைக்க வேண்டும். இன்னொன்றை வெளிப்படையாகவே எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில், கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லிப் பணம் பார்த்தவர்கள் கைதான செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்வது தகுதி பெற்ற மருத்துவரின் பணி. பாலினத்தைச் சொல்வது யாராக இருந்தாலும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். படித்து முடித்து வருகிறவர்களிடம் கூடுதல் பணத்தைக் காட்டி இதற்கு அழைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இதை நீங்களே சொல்லிவைப்பது நல்லது.

இனி, குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்வி. எக்ஸ்ரே என்பது அறையில் தங்கும் புகையன்று. விளக்கை அணைத்தால் வெளிச்சம் மிச்சமிருக்காதது போல, கருவி நின்ற கணமே கதிரும் இல்லாமல் போகிறது. எடுக்கும் அந்தக் கணத்தில் ரேடியோகிராபர் ஈயக் கண்ணாடி பதித்த தடுப்புக்குப் பின்னால் நிற்கிறார். அறைச் சுவரே 9 அங்குலச் செங்கல்லுக்குக் குறையாமல் கட்டப்பட வேண்டும். வார்டில் எடுக்க நேர்ந்தால் ஈய அங்கி அணிந்து தள்ளி நிற்பார்கள். ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் அவர்மேல் படுவது நான்கில் ஒரு பங்காகிவிடும்.

கணக்கும் இருக்கிறது. 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்ப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: மண், பாறை, வானம் ஆகியவற்றிலிருந்து இயற்கையாகவே ஒரு மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் படுகிறது. நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ளும் நோயாளிக்கே 0.1-க்கும் குறைவுதான், வயிற்று சி.டி.க்கு எட்டு, பத்து வரை போகும், அதுவும் மேசையில் படுத்திருப்பவருக்கு. முறையாக நடக்கும் துறையில் பணியாளரின் அளவு வரம்புக்கு வெகு கீழேதான் நிற்கும். 18 வயது நிறையாதவரைக் கதிர்ப் பணியில் அமர்த்தக்கூடாது. உங்கள் மகளுக்குப் பதினேழு. பயிற்சி மாணவராக அந்த வயதில் அவருக்கு ஆண்டு வரம்பு 6 மில்லிசீவர்ட். பெண் பணியாளர் கருவுற்றால் உடனே தெரிவிக்க வேண்டும். அதன்பின் மகப்பேறு வரையில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி பணியை மாற்றித் தர வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. அந்த 1 என்பது பொதுமக்களுக்கு ஓராண்டுக்கு வகுத்த அதே வரம்பு.

இவ்வளவும் "முறையாக" என்ற சொல்லில் தொங்குகிறது என்பதை நான் மறைக்கவில்லை. ஒவ்வொரு பணியாளரும் மார்பில், ஈய அங்கிக்கு உள்ளே, டி.எல்.டி. பேட்ஜ் என்ற சிறு அட்டையை அணிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பி, பட்ட கதிரின் அளவைப் படித்துப் பதிவு செய்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவருக்குப் பயிற்சி இடம் கேட்டு ஒரு தனியார் ஸ்கேன் மையத்துக்குப் போயிருந்தேன். அங்கே மூன்று பேட்ஜுகளும் எக்ஸ்ரே அறைக்குள்ளேயே, காலண்டர் மாட்டிய ஆணியில், தூசு படிந்து தொங்கிக்கொண்டிருந்தன. ஆணிக்கு எவ்வளவு கதிர் பட்டது என்பது அந்த ஆய்வகத்துக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். மாணவரை அங்கே சேர்க்கவில்லை. நீங்கள் கதிரைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியை, மகள் சேரப்போகும் இடத்தில் இந்த அட்டை யார் சட்டையில் இருக்கிறது என்று பார்ப்பதில் செலவிடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

படிப்பைப் பொறுத்தவரை, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. ரேடியோகிராபி மற்றும் இமேஜிங் டெக்னாலஜி மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு கட்டாயப் பயிற்சியும் கொண்டது. இதற்கு நீட் வேண்டியதில்லை; பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில், துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு இடம் ஒதுக்குகிறது. விவரக் கையேட்டில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்று இருக்கும். அதை நாம் சேர்ந்து பார்ப்போம். தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால், படித்தபின் வேலைக்கு அலைய வேண்டிய தூரம் முன்போல இல்லை.

பேருந்து நிலையத்துச் சுவர்களில் "ஆறே மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீசியன், நூறு சதவீத வேலை" என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். பல்கலைக்கழக இணைப்போ அரசு அங்கீகாரமோ இல்லாத சான்றிதழை, அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் விண்ணப்பத்தில் எழுத முடியாது. 2021-இல் வந்த மத்தியச் சட்டம் இத்தொழிலையும் பதிவுக்கு உட்பட்ட தொழில்களில் சேர்த்திருப்பதால் அத்தகைய சான்றிதழின் மதிப்பு இனி இன்னும் குறையும். சேருமுன் கேட்க வேண்டியது கட்டணத்தை மட்டுமன்று: மருத்துவமனை கல்லூரிக்குச் சொந்தமா, அங்கே சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் ஓடுகின்றனவா, மாணவர்கள் கையால் எடுக்க விடுகிறார்களா அல்லது மூன்றாண்டும் ஓரமாய் நின்று பார்க்கத்தானா என்று மூன்றாமாண்டு மாணவர் யாரையாவது தேநீர்க் கடையில் பிடித்துக் கேளுங்கள்.

சம்பளத்தில் அதிக ஆசை காட்ட மாட்டேன். தனியார் மையங்களில் தொடக்கம் சுமாராகவே இருக்கும். இரவுப் பணி உண்டு. பண்டிகை நாளும் வேலை நாள்தான். சி.டி., எம்.ஆர்.ஐ. கைவந்தவர்களுக்கு ஓசூரிலும் பெங்களூரிலும் கேட்பு இருக்கிறது. வெளிநாட்டு எண்ணம் இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாட்டிலும் தனிப் பதிவு, தனித் தேர்வு.

வரும் புதன்கிழமை காலையில் வாருங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். மகளையும் அவசியம் அழைத்து வாருங்கள். சென்ற முறை அவர் பக்கத்திலேயே இருந்தார். அந்தக் கொஞ்ச நேரமும் நாம் இருவர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.