கோ விளையாட்டில் தோற்ற ஆட்டத்தை எப்படி அலசிப் பார்ப்பது?

ஒரு வருடமாக 19க்கு 19 பலகையில் கோ (கருப்பு, வெள்ளைக் கற்களை மாறி மாறி வைத்துப் பரப்பைப் பிடிக்கும் விளையாட்டு) ஆடுகிறீர்கள், 14 கியுவைத் (கற்பவர்களின் தரநிலை, எண் குறையக் குறையத் தரம் உயரும்) தாண்ட முடியவில்லை, ஒவ்வோர் ஆட்டத்தையும் முடிந்த கையோடு கட்டாகோ என்ற ஏஐ நிரலில் போட்டுப் பார்க்கிறீர்கள், அது முப்பது நாற்பது பிழை காட்டுகிறது, ஆனாலும் அடுத்த ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில், 10 கியுவில், நான் ஏறக்குறைய இரண்டு வருடம் நின்றிருக்கிறேன். அதனால் எனக்கு உதவியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், ஏஐயைத் திறக்காதீர்கள். ஆட்டம் முடிந்த அன்றே, நினைவு சூடாக இருக்கும்போதே, முதல் கல்லிலிருந்து நீங்களே ஒரு முறை நகர்த்திப் பாருங்கள். முடிந்தால் ஆட்டம் பதிவான கோப்பைப் பார்க்காமல், வெறும் பலகையில் ஞாபகத்திலிருந்து வையுங்கள். சீனாவில் இதை ஃபுபான் என்பார்கள், கொரியாவில் பொக்கி. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் எதிரெதிரே உட்கார்ந்தபடியே முழு ஆட்டத்தையும் திரும்ப வைத்துப் பேசுவது வழக்கம். என்னால் ஆரம்பத்தில் நாற்பது கல் வரைக்கும்தான் முடிந்தது. எங்கே சிக்கிக்கொள்கிறோம் என்று கவனித்தால் ஒன்று தெரியும்: காரணம் வைத்து ஆடிய கல் நினைவில் இருக்கும், காரணமில்லாமல் வைத்தது மறந்துபோகும். மறந்த இடங்களைக் குறித்து வைத்தாலே பாதி அலசல் முடிந்த மாதிரி.

அடுத்து, ஆட்டத்தின் நகர்வுகளைப் பதியும் எஸ்ஜிஎஃப் கோப்பில் ஒவ்வொரு நகர்வுக்கும் குறிப்பு எழுத இடம் உண்டு. அதில் அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். ‘இது தவறு’ என்று இப்போது தெரிவதை எழுத வேண்டாம். அப்போது இருந்த பயம், ஆசை, கணக்கு, அதுதான் வேண்டும். எல்லாக் கல்லுக்கும் தேவையில்லை. யோசித்துத் தயங்கிய பத்துப் பதினைந்து இடங்கள் போதும்.

இது ஏன் முக்கியம் என்பதை என் ஆட்டம் ஒன்றை வைத்தே சொல்கிறேன். நான் கருப்பு. கீழே வலது மூலையில் ஆரம்பத்திலேயே சண்டை. என் மூன்று கற்கள், வெள்ளையின் மூலைக் கற்களுக்கும் வலப் பக்கக் கற்களுக்கும் நடுவே, இரண்டும் சேராதபடி வெட்டிக்கொண்டு நின்றன. வெள்ளை மூலையில் இரண்டு கண் (எதிராளி நிரப்ப முடியாத காலி இடம்) போட்டுப் பிழைத்துக்கொண்டார், வலப் பக்கத்திலும் அடித்தளம் அமைத்துவிட்டார். 52ஆவது கல்லாக என் மூன்று கற்களுக்கு மேலே வந்து மூடப் பார்த்தார். நான் 53இல் ஒரு தாவல் தாவி வெளியே ஓடினேன். அந்த இடத்தில் நான் எழுதியிருந்த குறிப்பு: “அடைக்கிறான். விட்டால் மூணும் போச்சு. காப்பாத்தியே ஆகணும்.”

ஓடிக்கொண்டே இருந்தேன், அவர் துரத்திக்கொண்டே வந்தார். மூன்று கற்கள் பதினொன்றாயின. கடைசியில் உயிரோடுதான் இருந்தன. ஆனால் துரத்தும்போது அவர் நடுப்பலகையில் வைத்த கற்களெல்லாம் மேல் பக்கம் நான் விரித்து வைத்திருந்த பெரிய பரப்பைப் பார்த்தபடி நின்றன. பிறகு அவர் உள்ளே நுழைந்தபோது அவைதான் அவருக்குத் துணை. 111இல் ஒரு உயிர்-சாவுக் கணக்கைத் தவறவிட்டு மேல் பக்கக் கூட்டம் ஒன்று செத்தது. சரணடைந்தேன்.

அன்று யாராவது கேட்டிருந்தால் ‘111இல் தோற்றேன், சுமேகோ (உயிர்-சாவுப் புதிர்) பயிற்சி போதவில்லை’ என்றுதான் சொல்லியிருப்பேன். குறிப்பெல்லாம் எழுதி முடித்த பிறகு கட்டாகோவில் போட்டேன். 110ஆவது கல் முடிந்த நிலையிலேயே நான் 14 புள்ளி பின்னால் இருந்தேன். ஒரே நகர்வில் அதிகம் இழந்தது 53இல், ஒன்பது புள்ளி. அங்கே அது சொன்னது மூன்று கற்களை அப்படியே விட்டுவிட்டு மேல் பக்கம் போய் என் பரப்பை விரிக்கும் கல்.

எண் புரிந்தது, காரணம் புரியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் ஓர் அண்ணனிடம் கோப்பை அனுப்பினேன். அவர் 2 டான், கியுவுக்கு மேலான தரம். என் குறிப்பைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பி, அந்த மூணு கல்லும் இப்ப யாரை வெட்டுது?”

யாரையும் வெட்டவில்லை. மூலையும் பிழைத்துவிட்டது, பக்கமும் பிழைத்துவிட்டது. அவற்றின் வேலை முடிந்துவிட்டது. வெள்ளை ஒரு கல் செலவழித்துப் பிடித்தாலும், கல்லுக்கு ஒன்று, அது நின்ற இடத்துக்கு ஒன்று என்று ஆறு புள்ளி, சுற்றியுள்ளதையும் சேர்த்தால் கொஞ்சம் கூட. மேல் பக்கம் அதைவிடப் பெரியது. தாங் காலத்து வாங் ஜிசின் பெயரில் வழங்கும் பத்து விதிகளில் ‘கல்லைக் கைவிட்டு முந்தும் உரிமையைப் பிடி’ என்று ஒன்று உண்டு. அதை நான் எத்தனையோ முறை படித்தவன். ஆனால் ‘காப்பாத்தியே ஆகணும்’ என்று என் கைப்பட எழுதியதற்குப் பக்கத்தில் அந்தக் கேள்வி வந்து நின்றபோதுதான் விதி எனக்கு உறைத்தது. குறிப்பு இல்லையென்றால் அவரும் வெறுமனே ‘53 தவறு, மேலே போ’ என்று சொல்லியிருப்பார்.

பழைய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தேன். ஏழில் நான்கில் இதே பிழை, வேறு வேறு வடிவத்தில். முப்பது பிழை என்று ஏஐ காட்டியதில் பாதி இந்த ஒரே எண்ணத்தின் பிள்ளைகள்.

ஏஐயைப் பயன்படுத்தும்போது சிலவற்றைக் கவனியுங்கள். வெற்றி வாய்ப்புச் சதவீதத்தை ஒதுக்கிவிட்டுப் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். லீலா ஜீரோ என்ற ஏஐ நிரல் சதவீதம் மட்டுமே சொன்னது. 2019இல் டேவிட் வூ வெளியிட்ட கட்டாகோ புள்ளியும் சொல்கிறது, நம் மாதிரி ஆட்டக்காரர்களுக்கு அது பெரிய வரம். சமமான ஆட்டத்தின் கடைசியில் இரண்டு புள்ளிப் பிழைக்குச் சதவீதம் தலைகீழாகும். ஏற்கெனவே ஒருபக்கமாகச் சாய்ந்த ஆட்டத்தில் பத்துப் புள்ளிப் பிழைக்கும் அசையாது. உங்கள் நிலையில் ஐந்து புள்ளிக்குக் குறைந்த எதையும் தொட வேண்டாம். ஏஐ சொல்லும் நகர்வைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நீங்கள் ஆட நினைத்த நகர்வை வைத்து, எதிராளி அதை எப்படித் தண்டிப்பார் என்று பாருங்கள். கேட்ரெய்ன் மாதிரி செயலியில் எந்தப் பகுதி யாருக்குப் போகும் என்பதையும் பலகை மேலேயே நிறமாகக் காட்டலாம். 53க்கு முன்னும் பின்னும் அதைப் போட்டுப் பார்த்தபோது மேல் பக்கம் மங்கிப்போனதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

புரியாத நகர்வை விட்டுவிடுங்கள். 2016 மார்ச்சில் சியோலில் கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலுக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் ஆல்பாகோ என்ற ஏஐ வைத்த 37ஆவது கல்லைப் பார்த்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களே திகைத்தார்கள். நாம் 14 கியுவிலோ 10 கியுவிலோ அதைப் போன்றதை மனப்பாடம் செய்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆட்டத் தொடக்கத்திலேயே 3-3இல் (மூலையில் இரு விளிம்பிலிருந்தும் மூன்றாம் கோடுகள் சந்திக்கும் இடத்தில்) நுழைவதை ஏஐயைப் பார்த்து எல்லாரும் ஆடுகிறோம். நானும் ஆடினேன். மூலை கிடைத்தது. வெளியே எதிராளிக்குக் கிடைத்த சுவரை என்ன செய்வதென்று தெரியாமல் ஆறேழு ஆட்டம் தோற்றேன்.

எத்தனை ஆட்டத்தை அலச வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். வாரத்துக்கு ஐந்து ஆடினால் ஒன்று போதும், ஆனால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நிதானமாக ஆடிய ஆட்டமாக எடுங்கள். பத்து நிமிட மின்னல் ஆட்டத்தில் எழுத எண்ணமே இருக்காது. எதிராளி இணைப்பிலேயே இருந்தால் ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள், ‘எந்த இடத்தில் உங்களுக்குப் பயமாக இருந்தது?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். நான் கவனிக்கவே செய்யாத இடங்களைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.