பயிரை மாற்றியும் நூற்புழு போகவில்லையா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைப் பற்றியவை. மண்ணில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத நூல் போன்ற நுண்புழுக்கள் இவை. எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

அம்பத்தூரில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். கத்தரி எடுத்த பைகளில் தக்காளி, அதற்கப்புறம் வெண்டை வைத்தேன். மூன்றுமே உச்சிவெயிலில் வாடின. பிடுங்கினால் வேர் முழுக்க முண்டு முண்டாக இருக்கிறது. பயிரை மாற்றிக்கொண்டேதானே வருகிறேன்?

பயிரை மாற்றினீர்கள், புழுவின் சாப்பாடு மாறவில்லை. கத்தரி, தக்காளி, வெண்டை மூன்றிலுமே வேர்முடிச்சு நூற்புழு நன்றாகப் பெருகும். பாகல், புடலை வைத்தாலும் இதே கதைதான். ஒரு பெண்புழு சில நூறு முட்டைகள் இடும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஒரு தக்காளிப் பருவத்துக்குள் அது எத்தனை மடங்காகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிச்சு விழுந்த வேர்களை மக்குத்தொட்டியில் போடாதீர்கள். மண்ணைக் கொட்டிப் பரப்பி, நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் ஷீட்டால் காற்றுப் புகாமல் மூடி, கத்திரி வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். பிறகு வேப்பம் புண்ணாக்கு கலந்து, முதல் பயிராகச் செண்டுமல்லி வையுங்கள். ஒரு பையின் மண்ணை இன்னொரு பையில் கொட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். புழு பைக்குப் பை போவது பெரும்பாலும் அப்படித்தான்.

பாத்தி ஓரத்தில் நாலு செண்டுமல்லி நட்டால் போதும் என்கிறார்களே?

போதாது. நூற்புழுவுக்கு ஆகாத பொருள் அதன் வேரில் இருக்கிறது. அந்த வேர் ஓடும் மண்ணில்தான் பலன் கிடைக்கும், ஓரத்துச் செடி நடுப்பாத்தியைக் காப்பாற்றாது. பாத்தி முழுக்க நெருக்கி நட்டு, இரண்டு மூன்று மாதம் வளரவிட்டு, அப்படியே மடக்கி உழுங்கள்.

வேளாண்மை படிக்கும் மாணவி நான், வீடு வேளச்சேரியில். கோதுமையில் நூற்புழுவும் பயிர் சுழற்சியும் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டும். ஒரு கட்டுரை கொண்டைக்கடலை போடு என்கிறது, இன்னொன்று போடாதே என்கிறது. எது சரி ஐயா?

இரண்டும் சரி. இரண்டு கட்டுரைகளும் பேசுவது வேறு வேறு புழுக்களைப் பற்றியாக இருக்கும். எந்தப் புழு என்று தெரியாமல் சுழற்சியைப் பற்றிப் பேசவே முடியாது. உங்கள் உரையின் மையமாக இதையே வைத்துக்கொள்ளலாம்.

ராஜஸ்தான், ஹரியானா மணற்பாங்கு நிலங்களில் ‘மோல்யா’ என்று ஒரு நோய் உண்டு. காரணம் ஹெட்டரோடெரா அவினே என்ற முட்டைக்கூடு நூற்புழு. பயிர் திட்டுத்திட்டாக மஞ்சளாகிக் குட்டையாக நிற்கும். வேரை மெதுவாக அலசிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகளாகப் பெண்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை செத்ததும் உடலே பழுப்பு நிறக் கூடாக இறுகி, உள்ளே உள்ள முட்டைகளைக் காக்கும். இந்தப் புழு கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற புல்லினத் தானியங்களைத்தான் தின்னும், அதுவும் ஆண்டுக்கு ஒரே தலைமுறை. அதனால் கடுகு, கொண்டைக்கடலை, வெந்தயம், வெங்காயம் எதைப் போட்டாலும் அது பட்டினி. ஆனால் கூட்டில் உள்ள முட்டைகள் எல்லாம் ஒரே ஆண்டில் பொரிவதில்லை. ஒரு வருடம் கடுகு போட்டால் எண்ணிக்கை குறையும், தீராது. இரண்டு மூன்று ஆண்டு தொடர வேண்டும். கோடை உழவும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, வடக்கு நியூ சவுத் வேல்ஸ் கோதுமை நிலங்களில் பெரிய தொல்லை பிராட்டிலென்கஸ் தோர்னி என்ற இன்னொரு நூற்புழு. இது கூடு கட்டாது. வேருக்குள் புகுந்து திசுக்களைக் கருக்கிக்கொண்டே நகரும். மண் காய்ந்தாலும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு கிடந்து, ஈரம் வந்ததும் எழும். இதற்குக் கொண்டைக்கடலை நல்ல தீனி, சோளம் ஆகாது. அங்கே கோதுமைக்குப் பின் கொண்டைக்கடலை போட்டால் அடுத்த கோதுமைக்குக் காத்திருக்கும் கூட்டம் பெருகத்தான் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லுங்கள், பலர் விட்டுவிடுவது இது. தாங்கும் ரகம் வேறு, எதிர்க்கும் ரகம் வேறு. தாங்கும் ரகம் புழு இருந்தாலும் மகசூல் கொடுக்கும், ஆனால் வேரில் புழு பெருகிக்கொண்டே இருக்கலாம். எதிர்க்கும் ரகத்தில்தான் புழு பெருக முடியாது. சுழற்சிக்கு உதவுவது அதுதான்.

ஊத்துக்கோட்டை பக்கம் புழுதி விதைப்பில் நெல் போடுகிறோம். நாற்று வெளிறி, வேர்நுனி கொக்கி மாதிரி வளைந்து தடித்திருக்கிறது.

கொக்கி போன்ற அந்த வீக்கம் நெல் வேர்முடிச்சு நூற்புழுவின் அடையாளம். வடக்கே நெல்லுக்குப் பின் கோதுமை போடும் வயல்களில் கோதுமையையும் இது விடுவதில்லை. தண்ணீர் கட்டிய வயலில் இதனால் புதிய வேர்களில் எளிதாக நுழைய முடியாது. காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பில் ஆரம்ப வாரங்களில் தண்ணீர் நிற்காததால் அந்தத் தடை கிடையாது. நெல்லுக்குப் பின் எள் போடுங்கள். கோரையையும் புல்லையும் விட்டுவைத்தால் சுழற்சியே வீண், புழு அவற்றில் உயிர் வாழும். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் வேர் மாதிரியைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிலக்கடலை வேரிலும் முடிச்சுகள் இருக்கின்றன. பயமாக இருக்கிறது.

விரலால் உருட்டிப் பாருங்கள். சட்டென்று உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் என்ற நல்ல பாக்டீரியாவின் முடிச்சு. அதை நூற்புழு என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். வேரே வீங்கியிருந்து, பிரிக்க வராமல் இருந்தால்தான் கவலை.

மண் பரிசோதனை அட்டையில் நூற்புழு பற்றி ஒன்றும் இல்லையே?

அது சத்துகளுக்கான சோதனை. நூற்புழுவுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். செத்த செடியின் அடியில் எடுக்காதீர்கள், தீனி தீர்ந்து புழு நகர்ந்திருக்கும். வாடத் தொடங்கிய செடிகளின் வேரோரம், ஒரு சாண் ஆழத்தில், பல இடங்களில் எடுத்துக் கலந்து, அதிலிருந்து கால் கிலோ மண்ணையும் கொஞ்சம் வேரையும் பாலித்தீன் பையில் கட்டுங்கள். சத்துப் பரிசோதனைக்குச் செய்வதுபோல வெயிலில் உலர்த்திவிட வேண்டாம். ஆய்வகத்தில் உயிருள்ள புழுவைத்தான் பிரித்தெடுத்து எண்ணுவார்கள்.